முன்முடியில் ஒரு தேங்காய்

வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு மலையேறிய என் அருமைப் பாவாவுக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் தராசு உண்டா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் உங்களுக்கு அங்கே நிம்மதி இருக்காது. என் கையில் அந்தக் கொக்கித் தராசைப் பார்த்தாலே, ஏதோ வேலை இருப்பதுபோல் தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவீர்களே, அதை நான் மறப்பேனா?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி, என் அக்கா கோமளா, போன தை மாதம் நம் சுனையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். தன் காலால் நடந்து, தன் பையைத் தானே சுமந்து, அந்தப் பாறைமேல் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வந்தாள். ஆமாம், தேய்ந்துபோன அந்த முட்டியோடுதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். உங்களால் குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வசதி.

இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருத்தணியில் குடியிருந்துகொண்டு, ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்தவர் நீங்கள். தறி ஓயும் நாட்களில் உங்களுக்கு மலை வேண்டும். திருத்தணியிலிருந்து நகரி வழியாகப் பேருந்தில் போய் இறங்கி, புத்தூருக்கு அப்பால் அந்த ஓடையைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். நான் திருவள்ளூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். வாரம் முழுக்க ரயிலும் நாற்காலியுமாக இருக்கும் எனக்கும் மலை பிடித்துப்போனது. நாம் இருவரும் சேர்ந்து போனால் நடப்பதைவிடச் சண்டைதான் அதிகம்.

சண்டை எல்லாம் எடையைப் பற்றித்தான். எதைச் சுமக்கிறோமோ அதன்படிதான் நடை என்பது என் கட்சி. கூடாரம், படுக்கை, பை, இந்த மூன்றிலும் எடையைக் குறைத்துவிட்டால் பாதி மலை ஏறின மாதிரி. அதிலும் பையைக் கடைசியாக வாங்க வேண்டும். பெரிய பையை முதலில் வாங்கினால் அது வாயைத் திறந்துகொண்டே இருக்கும், நாம் போட்டுக்கொண்டே இருப்போம். நீங்கள் என்ன செய்தீர்கள்? கடையில் இருப்பதிலேயே பெரிய பையை வாங்கி வந்து, வீட்டு நடுவில் நிறுத்தி, "பாத்தியா, இதுல நம்ம சின்னவனையே உக்கார வெக்கலாம்" என்றீர்கள். சின்னவன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பைக்குள் என்னவெல்லாம் போனது? ஜமக்காளம் போனது. இரும்புத் தோசைக்கல் போனது. மாவுத் தூக்கு, மடக்கு நாற்காலி, மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழுத் தேங்காயும், அதைத் துருவ ஒரு துருவலும். மலைமேல் தேங்காய் துருவிய மனிதர் இந்த ஜில்லாவில் வேறு யாராவது உண்டா பாவா? சட்னியை வீட்டிலேயே அரைத்து டப்பாவில் எடுத்து வரலாமே என்று நான் கேட்டதற்கு, "அங்க போயி சாப்பிடறதுக்குத்தான்மா மலைக்கே போறது, ஆறிப்போனத தின்றதுக்கு வீட்டுலயே இருக்கலாமே" என்றீர்கள். என் குட்டி கேஸ் அடுப்பைக் கையில் வைத்துப் பார்த்து, "இன்னா இது, அடுப்பா மூக்குத்தியா?" என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ராஸிலிருந்து வந்த பையன்கள் சிலர், கப்பில் வெந்நீர் ஊற்றி நூடுல்ஸ் வேகக் காத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தோசைக்கல் சூடேறிய வாசனைக்கு ஒருவன் பின் ஒருவனாக வந்து பாறையில் உட்கார்ந்தார்கள். கடைசி மாவு வரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லாமல், என் ஓட்ஸ் கஞ்சியை வாங்கிக் குடித்தீர்கள். "இத்த மனுசன் குடிப்பானா" என்று முகம் சுளித்தபடி முழுசாகக் குடித்தீர்கள். அன்று நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அக்காவிடம் அந்தச் சுனையைப் பற்றிச் சொல்வீர்கள். தண்ணீர் எப்படிப் பச்சையாக இருக்கும், எந்தப் பாறையில் உட்கார்ந்தால் காலில் மீன் கடிக்கும், எல்லாம். "அடுத்த தபா நீயும் வர்ற" என்று முடிப்பீர்கள். அக்காவுக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. தறிக்கு ஆள் வரவில்லை, பிள்ளைக்குப் பரிட்சை, அப்புறம் முட்டி. பிறகு ஒருநாள் காலையில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சாய்ந்துவிட்டீர்கள். அடுத்த தபா என்பது அதோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகு அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கடைக்குப் போவாள், வருவாள், அவ்வளவுதான். நானும் மலைக்குப் போவதை விட்டுவிட்டேன். எடையைப் பற்றிச் சண்டை போட ஆள் இல்லாமல் பையைக் கட்ட எனக்குப் பிடிக்கவில்லை பாவா. அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

போன ஆடிக் கிருத்திகை அன்று ஊரே மஞ்சளாக இருந்தது. உங்களுக்குத் தெரியாததா. வீட்டு வாசலை ஒட்டிக் காவடி போய்க்கொண்டிருந்தது, நாங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். டம்ளரைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"சுகுணா, அந்தச் சுனைய ஒரு தபா பாக்கணும்டி. அவரு சொல்லிகினே இருந்தாரு. நான் கண்ணால பாக்கல."

மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். மெதுவாக நடக்கலாம், மேடு ஏறலாம், ஆனால் முதுகில் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றினால் முட்டி தாங்காது என்றார். ஐந்து கிலோ போதாதா? எனக்கு அது தாராளம். சோறு தண்ணீர் உட்பட அதற்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்று துள்ளிக் குதித்து வந்தேன்.

அன்று சாயங்காலம் தராசோடு அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அக்கா உங்கள் பையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஜமக்காளம், தோசைக்கல், குடை, துருவல்.

"இதெல்லாம் எதுக்குக்கா?"

"அவரு சாமானு வந்தா நான் வர்றேன். இல்லன்னா நீ போயிட்டு வந்து சொல்லு, கேட்டுக்கறேன்."

பையை மட்டும், வெறும் பையை மட்டும் தராசில் மாட்டிக் காட்டினேன். டாக்டர் சொன்னதில் பாதியை அதுவே தின்றுவிட்டது. அக்கா அசையவில்லை. திருவிழா முடியாததால் வாசலில் இன்னும் காவடி போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "அவங்கள்லாம் அம்மாம் பெரிய சுமை தூக்கினு ஆடிகினே மல ஏறறாங்க. நீ இங்க கிராம் கணக்கு பாத்துகினு கீற" என்றாள். அவர்களுக்கு முட்டி தேயவில்லை என்று அவளிடம் சொல்ல முடியுமா?

சின்னவன் பிரசாந்த் அம்பத்தூரிலிருந்து போனில் வேறு கத்தினான். "சித்தி, அம்மாவ உசுப்பேத்தாதீங்க. வழியில உக்காந்துட்டாங்கன்னா யாரு தூக்கினு வருவா?" அவன் பயம் அவனுக்கு. எனக்கும் உள்ளூர அதே பயம்தான். ஆனால் அவள் இப்போது போகவில்லை என்றால் இனி எப்போதும் போக மாட்டாள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஐப்பசி வரைக்கும் உங்கள் பை கூடத்திலேயே கிடந்தது. உங்கள் சாமானை விட்டுவிட்டு வா என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சாமானோடு வா என்று அந்த முட்டியிடம்தான் எப்படிச் சொல்வது?

வழி கண்டுபிடித்தது அக்காதான். கார்த்திகை பிறந்து, தெருவில் மாலை போட்டவர்கள் நடமாட ஆரம்பித்த நேரம். நீங்கள் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போகும்போது இருமுடி கட்டுவோமே, அதில் அரிசி போட்ட கை அவளுடையது. ஒரு காலையில் தானாக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, காபிகூடக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"முன்முடி சாமிக்கு, பின்முடி நமக்கு. இல்ல?"

"ஆங், அதுக்கின்னா?"

"சாமிக்குன்னு வீட்டையா தூக்கினு போனாரு? ஒரு நெய்த்தேங்கா, கொஞ்சம் அரிசி, மஞ்சப்பொடி. அவ்ளோதானே முன்முடி. அதே மாதிரி கட்டிக்கலாம். பின்னால நீ சொல்றத வெச்சிக்கறேன். முன்னால ஒரு சின்னப் பை. அது அவருக்கு. அதுல எது அடங்குதோ அது மட்டும் வரட்டும்."

பாவா, நான் இணையத்தில் எத்தனை பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன், எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை அறுக்கச் சொன்னவர்கள் உண்டு. மனசில் இருப்பதை எதில் கட்டுவது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. சாமியிடம் கட்டுப்பாடாக இருந்த மனிதர் சுனையிடம் மட்டும் ஏன் அப்படி இருந்தீர்கள் என்று உங்களைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நீங்கள் சொல்லக்கூடிய பதிலும் தெரியும். சாமிக்குப் பசிக்காது, நமக்குப் பசிக்கும் என்பீர்கள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கூடாரத்துக்குக் கம்பியே வேண்டாம், நடைக்கோலையே ஊன்றி நிறுத்திக்கொள்ளலாம் என்கிற வகையில் ஒன்று என்னிடம் இருந்தது. அதை நான் சுமந்தேன். தரையில் விரிக்கும் நுரைப்பாயைத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் போதும் என்று வெட்டினேன். கால் பக்கத்துக்கு வெறும் பையைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. நம் மலையில் தையில்கூட அவ்வளவு குளிர் கிடையாது, அதற்குப் போய் குண்டுப் படுக்கைப்பை எதற்கு? உங்கள் லுங்கிகள் இரண்டை அக்கா சேர்த்துத் தைத்து உறை மாதிரி ஆக்கினாள். அதற்குள் நுழைந்து படுத்துக்கொண்டு மேலே ஒரு மெல்லிய போர்வை. மிஞ்சிய லுங்கித் துணியில்தான் அந்த முன்பை. கட்டம் போட்ட நீலம், நீங்கள் கடைசியாக நெய்த ரகம்.

பருத்தி நனைந்தால் கனக்கும், காயாது என்று நான் மூக்கை நுழைத்தேன். "உள்ள பிளாஸ்டிக் கவரு போட்டுக்கறேன், நீ சும்மா கெட" என்றாள். அது சரியான யோசனைதான். பையின் உள்ளே பெரிய கவரைப் போட்டு அதற்குள் சாமானை வைப்பதைத்தான் நானும் செய்கிறேன்.

பயிற்சிக்கு மலைக்கோயில் படியை விட்டால் நமக்கு வேறு என்ன இருக்கிறது? விடிந்ததும் அக்கா பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி மாட்டிக்கொண்டு படி ஏறுவாள். முதல் நாள் பூக்காரம்மா அவளை நிறுத்திக் கேட்டாளாம்.

"இன்னாமா இது, புதுசா கீது. இந்தப் பை தூக்கறது இன்னா வேண்டுதல்?"

"ஆங், வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்திருக்கிறாள். மறுநாள் முதல் படியோரம் இருந்தவர்கள் எல்லாம் அவளுக்கு வழிவிட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா அந்தப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே இருந்தது குழாய்த் தண்ணீர் பாவா. நாங்கள் வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டது அன்றுதான்.

புறப்படும் நாளும் வந்தது. எடை போட்டேன். பின்பை, முன்பை எல்லாம் சேர்த்து டாக்டர் சொன்னதற்குக் கொஞ்சம் உள்ளேயே நின்றது. முன்பையில் ஒரே ஒரு முழுத் தேங்காய். தோசைக்கல்லும் துருவலும் பரணுக்குத் திரும்பிவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது பார்த்தால் அக்கா கையில் உங்கள் குடை.

"அக்கா, அதோட எடை?"

"கையில பிடிக்கற கோலு எடையில சேராதுன்னு நீதானே சொன்ன? இது என் கோலு."

நான் போட்ட சட்டத்தில் அவள் பிடித்த ஓட்டை. எடை பார்க்கிறவர்கள் உடம்பில் போட்டதையும் கையில் பிடித்ததையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று நானேதான் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். நீங்கள் அந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால் கைதட்டியிருப்பீர்கள்.

அடிவாரத்தில் நமக்கு எப்போதும் வழிகாட்டும் வெங்கடய்யா காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார், "கொப்பரிகாய சாரு ராலேதா?" தேங்காய் சார் வரவில்லையா என்று. உங்களுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர் என்று எனக்கே அன்றுதான் தெரியும். அக்காதான் பதில் சொன்னாள், அவர் பாஷையிலேயே.

"ராலேதய்யா. நேனு வச்சானு."

அவர் வரவில்லை, நான் வந்திருக்கிறேன். அவ்வளவுதான். வெங்கடய்யா பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எங்கள் நடைக்கு ஏற்றபடி மெதுவாக முன்னால் நடந்தார்.

அக்கா நன்றாகவே நடந்தாள். ஓடைக்கல்லில் கால் வைப்பதற்கு முன் குடையால் தட்டிப் பார்ப்பாள், மேட்டில் மூச்சு வாங்கினால் நின்று மரத்தைப் பார்ப்பாள். செங்குத்தான அந்த ஒரு இடத்தில் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், பிரசாந்த் சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தேன். "பைய குடு, நான் வெச்சிக்கறேன்" என்றேன். அவள் முன்பையைக் கையால் அணைத்துக்கொண்டு, "இரு, எழுந்துக்கறேன்" என்றாள். எழுந்துகொண்டாள்.

சுனையைப் பார்த்ததும் அவள் என்ன செய்தாள் என்று உங்களுக்கு ஆவலாக இருக்குமே. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நீங்கள் சொன்ன அந்தப் பாறையை யாரும் காட்டாமலே கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கடிக்குதுடி" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள், நானும்தான்.

பிறகு அந்தத் தேங்காயைப் பாறையில் உடைத்தாள். துருவல் இல்லையே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீற்றுகளாகக் கத்தியால் நறுக்கி, வழவழப்பான ஒரு ஓடைக்கல்லைக் கழுவி, உப்பும் வறுத்த மிளகாயும் வைத்துத் துவையலாக நசுக்கிவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுபோன சப்பாத்தியோடு மூன்று பேரும் சாப்பிட்டோம். என் மூக்குத்தி அடுப்பில் டீ போட்டேன். வெங்கடய்யா, சார் செய்கிற சட்னியைவிட இது நன்றாக இருக்கிறது என்றார். மன்னித்துவிடுங்கள் பாவா, உண்மை அதுதான்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கலாம். மறுநாள் இறங்கும்போது சறுக்கி விழுந்து கணுக்காலைத் திருப்பிக்கொண்டது அக்கா இல்லை, நான். எடையைக் குறைக்கிறேன் என்று ஓட்டப்பந்தயத்துக்குப் போடும் மெல்லிய காலணியில் போயிருந்தேன். அதன் அடி ஈரப்பாறையைப் பிடிக்கவில்லை. என் நடைக்கோலும் இரண்டாக மடங்கிவிட்டது. வெங்கடய்யா என் பையை வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் அக்கா என் பையைத் திறந்துவிட்டாள்.

"டென்ட இங்க குடு. என் முன்னால காலியாதானே கீது."

தேங்காய் இருந்த இடத்தில் கூடாரம் போய் உட்கார்ந்தது. சபரிமலையிலிருந்து நீங்கள் முன்முடியில் பிரசாதம் நிரப்பிக்கொண்டு வருவீர்களே, அதுமாதிரி அவள் என் பாரத்தை நிரப்பிக்கொண்டாள். சாப்பாடு தீர்ந்து பின்பை லேசாகிவிட்டதால் முட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு குடையை என் கையில் கொடுத்தாள். பல வருஷம் நான் திட்டிய அந்தக் குடையை ஊன்றிக்கொண்டுதான் நான் மலையிறங்கினேன். அதன் பிடி என் உள்ளங்கைக்கு அவ்வளவு பாந்தமாக இருந்தது.

அடிவாரத்தில் பிரசாந்த் காரோடு நின்றிருந்தான். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பையோடு வீறாக நடந்து வந்த அம்மாவையும், பின்னால் குடையோடு நொண்டி வந்த சித்தியையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரு யாரக் கூட்டினு போனீங்க?" என்று கேட்டான். அக்கா நேராக முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கார் நகரியைத் தாண்டும்போது, மழைக்காலம் முடிந்ததும் அந்த ஓடையில் தண்ணீர் இன்னும் நிறைய இருக்குமா என்று அவனிடமே விசாரித்தாள். அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த நீலக்கட்டம் போட்ட முன்பை இப்போது உங்கள் சட்டை தொங்கிய ஆணியில் தொங்குகிறது. அக்கா அதைத் துவைத்துக் காயவைத்து, வாரை இன்னும் ஒருமுறை தைத்து வைத்திருக்கிறாள். நான் ஈரப்பாறையைப் பிடிக்கிற மாதிரி காலணி ஒன்று வாங்கிவிட்டேன், பழையதைவிடக் கனம். நீங்கள் கேட்டால் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பாவா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அக்காவால் மலையேற முடிகிற வரைக்கும் நானும் கூடப் போவேன். பின்பையை முன்போலவே கொக்கியில் மாட்டி, கிராம் கிராமாகப் பார்த்து, அவளோடு சண்டை போட்டுத்தான் கட்டுவேன். துருவல் பரணை விட்டு இறங்காது, அதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் முன்பையை மட்டும் இனி ஒருபோதும் தராசில் மாட்ட மாட்டேன்.

உங்கள் குடையை இன்னும் திருப்பிக் கொடுக்காத மச்சினி,
சுகுணா
திருத்தணி